கடலில் கரைத்த பெருங்காயமா கெல்ப் நடவு?

குமார்_ஹோபார்ட்

நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் இங்கே வாசித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் இருப்பது டாஸ்மேனியாவில், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள தீவு. வாரம் முழுக்கக் கணக்குப் பார்க்கும் வேலை, லீவு நாளில் கடலுக்குள் இறங்குவேன். 2009இல் ஃபோர்டெஸ்க்யூ விரிகுடாவில் முதல்முறையாக ராட்சதக் கெல்ப் காட்டுக்குள் போனேன். பாறையை இறுகப் பிடித்திருக்கும் ஒரு கொத்து, அதிலிருந்து கயிறு கயிறாக மேலே ஏறும் தண்டுகள், ஒவ்வொரு இலைக்கும் அடியில் குட்டிப் பலூன் மாதிரி ஒரு காற்றுப்பை. பத்து மீட்டர் ஆழத்தில் மல்லாந்து பார்த்தால், வெயில் கருப்பட்டிப் பாகு வழியே இறங்கி வருகிற மாதிரி இருக்கும். கை வைத்தால் வழவழப்பு. உள்ளே மீன்கள் தெருவில் நடமாடுகிற மாதிரி சாவகாசமாகப் போகும்.

போன ஞாயிறு அதே இடத்தில் இறங்கினேன். மொட்டைப் பாறை. இடுக்குகளில் கருப்புக் கடல் முள்ளெலிகள், உடம்பெல்லாம் முள்ளோடு உருண்டையாக இருந்து கெல்பைத் தின்னும் பிராணி. நான் தப்பான இடத்தில் இறங்கிவிட்டேனோ என்று இரண்டு முறை திசைகாட்டியைப் பார்த்தேன்.

இந்தத் தீவின் கிழக்குக் கரையில் ராட்சதக் கெல்பின் மேல்விதானம் 1940களின் விமானப் படங்களோடு ஒப்பிட்டால் 95 சதவீதம் போய்விட்டது. 2012இல் ஆஸ்திரேலிய அரசு இதை அழியும் நிலையில் உள்ள சூழல் சமூகம் (சேர்ந்து வாழும் உயிர்க்கூட்டம்) என்று பட்டியலிட்டது. கடல் சார்ந்த ஒரு சமூகத்துக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைத்தது அதுதான் முதல்முறை.

இப்போது கெல்ப் நாற்று வளர்த்து நடும் குழு ஒன்று தன்னார்வலர்களைக் கேட்கிறது. போகலாம் என்று இருந்தேன். திண்டுக்கல்லில் இருக்கும் மச்சானிடம் போனில் சொன்னேன். "ஏன் மாப்பிள்ளை, கடலே சூடாகிக்கிட்டு இருக்கு, நீங்க நாத்து நடப் போறீங்களா? கடல்ல பெருங்காயத்தைக் கரைச்ச கதைதான்" என்று சிரித்தார். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உங்களில் யாருக்காவது இதில் அனுபவம் உண்டா? போவதா, வேண்டாமா?

மரிக்கொழுந்து

அண்ணா, அடிப்படைக் கேள்வி. கெல்ப் என்பது நம்ம ஊர்ப் பாசிதானா? நான் ராமநாதபுரம் பக்கம். எங்கள் ஊரில் கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, மரிக்கொழுந்து எல்லாம் எடுப்பார்கள் (என் பெயர் அதிலிருந்துதான்). அந்த மாதிரியா?

உப்புக்காற்று

ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டக்கோரையும் கெல்பும் பழுப்புப்பாசி. ஆனால் கெல்புக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், சத்தான நீரும் வேண்டும். மன்னார் வளைகுடாவில் அது தங்காது. பாறை, குளிர், வெளிச்சம், நைட்ரேட், இந்த நான்கும் சேர்ந்த இடத்தில்தான் காடு. சேர்ந்துவிட்டால் வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமே, ராட்சதக் கெல்ப் நல்ல நாளில் அரை மீட்டர் ஏறும். உலகக் கடற்கரைகளில் ஏறத்தாழ கால்பங்குக்கு மேல் ஏதோ ஒரு வகைக் கெல்ப் இருக்கிறது.

அப்புறம், அது செடியே இல்லை. வேர் மாதிரி தெரிவது வேர் இல்லை, பாறையைப் பிடிக்க மட்டும்தான். சாப்பாடு முழுக்க இலை வழியாகத்தான். அதனால்தான் நீர் மாறினால் உடனே அடி வாங்குகிறது, மண்ணில் சேமிப்பு எதுவும் கிடையாது.

டாஸ்மேனியாவின் சிக்கல் இதுதான். கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் முன்பைவிடத் தெற்கே நீண்டு வருகிறது. அது கொண்டுவரும் நீர் சூடு, அதோடு சத்தும் குறைவு. அந்தப் பக்கக் கடல் உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறுகிறது. கெல்புக்கு ஒரே நேரத்தில் காய்ச்சலும் பட்டினியும்.

முரண்பாட்டு_மூர்த்தி

அப்படியென்றால் மச்சான் சொன்னது சரிதானே? காய்ச்சலும் பட்டினியும் தீராத வீட்டில் புதுப்பிள்ளையைக் கொண்டுபோய் விடுவானேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011 வெப்ப அலையில் கால்பாரி பக்கம் 100 கி.மீ. நீளத்துக்குக் கெல்ப் காடு ஒரே கோடையில் போனது. அந்த இடத்தைப் புல் மாதிரி குட்டைப் பாசி பிடித்துக்கொண்டது, வெப்பமண்டல மீன்கள் வந்து மேய்கின்றன. பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தவர்களும் காடு திரும்பவில்லை என்றுதான் எழுதினார்கள். சூடு நேரடியாகக் கொன்ற இடத்தில் நடவு என்பது படம் எடுத்துப் போடத்தான். இதில் கார்பன் வரவு (காடு உறிஞ்சும் கரியமில வாயுவைக் கணக்குப் போட்டு விற்பது) என்று வேறு கடை விரிக்கிறார்கள்.

சிட்னி_சிவகாமி

மூர்த்தி, எல்லா இடத்திலும் சூடு மட்டுமே கொல்லவில்லை. சிட்னிக் கதையைச் சொல்கிறேன்.

இங்கே கிரேவீட் என்று ஒன்று உண்டு. ஆளுயரத்துக்கு வளரும் பழுப்புப்பாசி. பாம் பீச்சிலிருந்து குரோனுல்லா வரை 70 கி.மீ. கரையில் 1980களில் காணாமலே போனது. போனது யாருக்கும் தெரியவும் இல்லை, அதுதான் வேடிக்கை. பின்னால் ஆராய்ச்சிக்காரர்கள் பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் இங்கே ஒரு காடு இருந்தது என்பதே தெரிந்தது. காரணம் பெரும்பாலும் சாக்கடை. நகரக் கழிவை அப்போது கரையோரத்திலேயே விட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் குழாய்களை ஆழ்கடலுக்குக் கொண்டுபோனார்கள், தண்ணீர் தெளிந்தது. ஆனால் கிரேவீட் தானாகத் திரும்பவில்லை, தாய் வெகுதூரத்தில் இருந்ததால்.

2011 முதல் நடுகிறார்கள். முறை ரொம்ப எளிது. நகரத்துக்கு வெளியே செழிப்பாக இருக்கும் இடத்திலிருந்து வளர்ந்த பாசியை எடுத்து வந்து, பாறையில் துளையிட்டுப் பிளாஸ்டிக் வலைப்பாயை முடுக்கி, அதில் கட்டிவிடுவது. கிரேவீட்டில் ஆண் தனி, பெண் தனி. அதனால் இரண்டையும் பக்கத்தில் கட்ட வேண்டும், கல்யாண மண்டபம் மாதிரி. சில மாதங்களில் பாயைச் சுற்றி விரல் நீளக் குட்டிகள். நான் ஸ்நார்க்கல் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன், முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. சில இடங்களில் இப்போது நட்டவர்கள் கைவிட்டாலும் அது தானாகவே பரவிப் போகிறது.

நோய் தீர்ந்த பிறகு நட்டால் பிழைக்கும் என்பதற்கு இது போதாதா?

உப்புக்காற்று

சிவகாமி அக்கா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம், அடிக்க வராதீர்கள். வகைப்பாட்டுப்படி கிரேவீட் கெல்ப் இல்லை. அது கட்டக்கோரைக்கு நெருங்கிய கூட்டம். காடு என்கிற அளவில் வேலை ஒன்றுதான்.

சிட்னி_சிவகாமி

மீனிடம் போய்ச் சொல்லுங்கள் தம்பி, அது வீட்டைக் காலி பண்ணட்டும்.

பசித்தவன்

முள்ளெலியை ஜப்பான்காரர்கள் தங்க விலைக்கு வாங்கித் தின்கிறார்களே. டாஸ்மேனியாவில் கோடிக்கணக்கில் கிடக்கிறது என்றால் எடுத்து விற்றால் போச்சு. இதற்கு ஏன் இவ்வளவு பெரிய இழை?

முள்ளெலி_மணி

பசித்தவன் அண்ணே, இதைச் சொல்லத்தான் கணக்கே தொடங்கினேன். டாஸ்மேனியாவில் படிக்க வந்தபோது ஒரு கடலுணவுப் பதனிடும் கூடத்தில் எட்டு மாதம் முள்ளெலி உடைத்தவன் நான்.

வேலை எப்படி என்றால், காலை ஆறு மணிக்கு முக்குளிப்பவர்களின் தொட்டிகள் வந்து இறங்கும். முட்கள் அப்போதும் அசைந்துகொண்டிருக்கும். இரட்டை நாக்குள்ள ஒரு கருவியை வாய்ப்பக்கம் குத்தி நெம்பினால் ஓடு இரண்டாகப் பிளக்கும். உள்ளே கருப்புக் குடலுக்கு நடுவே ஐந்து நாக்கு மாதிரி ஒட்டியிருக்கும், அதுதான் பண்டம். கரண்டியால் அலுங்காமல் வழித்து, குளிர்ந்த உப்பு நீரில் அலசி, குடல் துணுக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தட்டில் நிறவாரியாக அடுக்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சளுக்கு ஒரு விலை, மங்கலுக்கு வேறு விலை. கையுறையைத் தாண்டி முள் ஏறும், ராத்திரி வீட்டில் ஊசியால் தோண்டுவோம்.

இப்போது விஷயம். கெல்ப் ஓரத்தில் பிடித்த முள்ளெலியை உடைத்தால் நாக்கு தடியாக இருக்கும். மொட்டைப் பாறையில் பல வருடம் கிடந்ததை உடைத்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. பழுப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். பட்டினியிலும் அது சாகாது, பாறையின் மேல்பூச்சைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காசு தருகிற முள்ளெலி கெல்ப் இன்னும் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஏற்கெனவே மொட்டையடித்த முள்ளெலியை எடுக்க எந்த வியாபாரிக்கும் ஆசை வராது. அரசு கிலோவுக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்துத்தான் எடுக்க வைத்தார்கள். நல்ல வருடத்தில் 500 டன் வரை எடுத்திருக்கிறார்கள்.

அது குறைவான அளவு இல்லை. புதிதாக மொட்டை விழும் வேகத்தை அது மட்டுப்படுத்துகிறது. ஆனால் ஏற்கெனவே போன இடத்தைத் திருப்பித் தருவதற்கு அது போதாது.

மரிக்கொழுந்து

முள்ளெலி ஏன் திடீரென்று இவ்வளவு பெருகியது?

உப்புக்காற்று

டாஸ்மேனியாவில் பிரச்சினை பண்ணும் நீள்முள் முள்ளெலி சிட்னிப் பக்கத்து ஊர்க்காரன். 1978இல்தான் முதல்முறை டாஸ்மேனியாவில் செயின்ட் ஹெலன்ஸ் பக்கம் கண்டார்கள். அதன் குஞ்சுகள் பிழைக்க 12 டிகிரி செல்சியஸ் வேண்டும். அது முட்டையிடுவதோ குளிர்காலத்தில். முன்பெல்லாம் அந்தப் பருவத்தில் டாஸ்மேனியக் கடல் 12க்குக் கீழே போய்விடும், நீரோட்டம் கொண்டுவந்து போட்டாலும் குஞ்சு செத்துப்போகும். இப்போது கிழக்குக் கரையில் பல இடங்களில் 12க்கு மேலேயே நிற்கிறது. ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம், கதவு திறந்துவிட்டது. 2001–02 கணக்கெடுப்புக்கும் 2016–17 கணக்கெடுப்புக்கும் இடையில் கிழக்குக் கரைப் பாறைகளில் மொட்டையான பங்கு 3 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக ஏறியது.

ஆக, மூர்த்தி சொன்ன சூடு இங்கேயும் இருக்கிறது. ராட்சதக் கெல்பை நேராகவும் வாட்டுகிறது, முள்ளெலிக்குக் கதவையும் திறந்துவிடுகிறது. முதல் அடி மேல்மட்ட ராட்சதக் கெல்புக்கு. கீழே இருக்கும் குட்டை ரகங்களுக்கு முக்கிய எமன் முள்ளெலி.

இன்னொரு பங்கு மனிதனுடையது. பெரிய சிங்கி இறால் முள்ளெலியைத் தின்னும். பெரியது என்றால் உண்மையிலேயே பெரியது, முதுகோடு மட்டும் 14 செ.மீ. இருக்க வேண்டும். சின்னதின் கொடுக்குக்கு அந்த முள்ளெலி அடங்காது. அந்த அளவுப் பெரிய சிங்கிகளைத்தான் நாம் பல பத்தாண்டுகளாகப் பிடித்துத் தீர்த்தோம்.

முள்ளெலி_மணி

சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது, உப்புக்காற்று அண்ணே. நண்டுக்குத்தான் கொடுக்கு. இங்கே இருக்கும் சிங்கி முன்னங்கால்களால் முள்ளெலியைப் பிடித்துப் புரட்டி வாய்ப்பக்கம் உடைக்கும். கூடத்தில் நான் செய்த அதே வேலை, சம்பளம் இல்லாமல்.

உப்புக்காற்று

சரி, ஒப்புக்கொண்டேன். அக்காவைத் திருத்தியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

செம்பாறை

நான் வடக்குக் கலிபோர்னியாவில், சோனோமா பக்கம். இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், குமாருக்கு உதவலாம்.

எங்கள் கரையில் இருந்தது புல் கெல்ப். ஒரே தண்டு, உச்சியில் ஒரே ஒரு உருண்டைக் காற்றுப்பை, அதிலிருந்து ரிப்பன்கள். 2013இல் நட்சத்திர மீன்களுக்கு ஒரு நோய் வந்தது. கைகள் முறுக்கிக்கொண்டு கழன்று, உடம்பு கரைந்து கூழாகிவிடும். சூரியகாந்தி நட்சத்திர மீன் என்று ஒன்று, இருபதுக்கும் மேல் கைகள், ஒரு மீட்டர் அகலம் வரை வளரும். முள்ளெலிக்கு எமன் அதுதான். அது எங்கள் பக்கம் அடியோடு போனது. அடுத்த வருடம் கடல் வெப்ப அலை, 2016 வரை நீடித்தது. கெல்ப் தளர்ந்த நேரம், ஊதா முள்ளெலி இடுக்குகளை விட்டு வெளியே வந்து மேயத் தொடங்கியது. 350 கி.மீ. கரையில் 90 சதவீதத்துக்கும் மேலான கெல்ப் காலி. கெல்பைத் தின்று வாழும் சிவப்பு அபலோன் என்ற பெரிய கடல் நத்தை பட்டினியில் செத்தது. 2018இல் அபலோன் பிடிக்கத் தடை வந்தது. எங்கள் ஊரில் தாத்தா காலத்திலிருந்து குடும்பத்தோடு முக்குளித்துப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நட்சத்திர மீனைக் கொன்றது எது என்று பன்னிரண்டு வருடம் தேடினார்கள். 2025இல்தான் விப்ரியோ வகை பாக்டீரியா ஒன்றைப் பிடித்தார்கள். காலராக் கிருமியின் உறவுக்காரன். வாஷிங்டன் மாநிலத்தின் ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகத்தில் சூரியகாந்தி நட்சத்திர மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள். ஆக எங்கள் பக்கம் கெல்பை மீட்பது என்றால் அதில் பாதி, போன வேட்டைக்காரனை மீட்பதுதான்.

இதற்கு நேர் எதிராகத் தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலோஸ் வெர்டேஸ். 2013 முதல் அங்கே முக்குளிப்பவர்கள் கையில் சின்னச் சுத்தியலோடு இறங்கி, சதுர மீட்டருக்கு இரண்டு முள்ளெலி மிஞ்சும்வரை உடைத்தார்கள். ஒரு நாற்றுக்கூட நடவில்லை. பல இடங்களில் சில மாதங்களிலேயே ராட்சதக் கெல்ப் தானாக முளைத்து மேலே வந்தது. பக்கத்திலேயே தாய்க்காடு இருந்தது, அதுதான் காரணம். கெல்பின் வித்துத்தூள் பெரும்பாலும் தாயின் காலடியிலேயே விழும், வெகுதூரம் போகாது.

முரண்பாட்டு_மூர்த்தி

சுத்தியலால் உடைப்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்களே. அதுவும் ஒரு உயிர்தானே? சூட்டை ஏற்றியது நாம், சிங்கியைத் தின்றது நாம், அடி வாங்குவது முள்ளெலியா?

செம்பாறை

நியாயமான கேள்விதான். எனக்கும் அங்கே முதல் முறை இறங்கியபோது கை நடுங்கியது. ஓடு நொறுங்குவது கையிலேயே தெரியும். உடைந்ததைத் தின்ன ஷீப்ஹெட் மீன்கள் தோளுக்கு மேல் வந்து நிற்கும், மீன் கடையில் பூனை நிற்பது போல. அதைப் பார்த்துச் சமாதானம் செய்துகொண்டேன். முழுச் சமாதானம் என்று சொல்ல மாட்டேன்.

பெர்கன்_தவம்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப நோர்வேயில் பெர்கனில் இருக்கிறேன். இங்கே இரண்டு கதைகள் எதிரெதிராகப் போகின்றன, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வடக்கில் 1970களில் பச்சை முள்ளெலி பெருகிக் கெல்பைத் துப்பரவாகத் தின்றது. சதுர கிலோமீட்டர்க் கணக்கில், ஆயிரத்துக்கும் மேல். இப்போது மத்திய நோர்வேயிலிருந்து வடக்கு நோக்கிக் காடு மெல்ல மெல்லத் திரும்புகிறது. ஏன் தெரியுமா? கடல் சூடானதால் அந்தக் குளிர்நாட்டு முள்ளெலியின் குஞ்சுகள் பிழைக்கவில்லை, அதோடு முள்ளெலிக் குஞ்சுகளைத் தின்னும் நண்டு வடக்கே ஏறி வந்துவிட்டது. டாஸ்மேனியாவில் கதவைத் திறந்த அதே சூடு இங்கே கதவை மூடுகிறது.

தெற்கில், ஸ்காகெராக் கரையில், அதே சூடும் ஆறுகள் கொண்டுவரும் சத்துக் கழிவும் சேர்ந்து சர்க்கரைக் கெல்பை அழித்தன. அங்கே சேறு படிந்த குட்டைப் பாசிதான் மிச்சம். ஆகவே "சூடு வந்தால் கெல்ப் போகும்" என்று ஒரே வசனத்தில் கதைக்க ஏலாது. எந்தக் கரை, எந்த முள்ளெலி, எந்த ஆறு என்று கேட்க வேண்டும்.

நடவுக்கு இங்கே ஒரு வழி கண்டுபிடித்தார்கள், பச்சைச் சரளை என்று பெயர். சரளைக் கல்லில் கெல்ப் வித்தைத் தொட்டியில் ஒட்டவைத்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்ததும் படகில் கொண்டுபோய்க் கல்லோடு கடலில் போடுவது. முக்குளிப்பவர் தேவையில்லை. வளர வளர அதன் பிடி கல்லைத் தாண்டி அடிப்பாறையைப் பற்றிக்கொள்ளும். 2020இல் இதன் முதல் முடிவுகள் வந்தன. அலை கூடிய இடத்தில் கல் உருண்டுவிடும் என்பது குறை. ஆனால் பாறையில் துளைபோடுவதைவிட மலிவு.

மரிக்கொழுந்து

சூடு தாங்கும் ரகத்தைக் கண்டுபிடித்து நட்டால் எல்லாம் சரியாகிவிடாதா? நெல்லில் வறட்சி தாங்கும் ரகம் மாதிரி.

கேட்டுவிட்டு எனக்கே ஒரு பயம். எங்கள் பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாபைகஸ் பாசியை வளர்த்தார்கள். அது குருசடைத் தீவுப் பவளப்பாறை மேல் ஏறிப் படர்ந்து மூடியதை நானே படகிலிருந்து பார்த்திருக்கிறேன். நட்டது நல்ல எண்ணத்தில்தான். பிறகு பிடுங்க ஆள் வைத்தார்கள்.

உப்புக்காற்று

நல்ல பயம். டாஸ்மேனியாவில் செய்வது அதுவல்ல. வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. அங்கேயே மிஞ்சிய 5 சதவீதத்தில் சூட்டைத் தாங்கி நிற்கும் தாய்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் வித்தைப் பெருக்குகிறார்கள். டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிறுவனம் இதைச் செய்கிறது. தொட்டியில் தாங்கியது கடலிலும் தாங்குமா, அதன் பிள்ளைகளும் தாங்குமா என்பதுதான் இப்போதைய பரிசோதனை. சில இடங்களில் நட்டவை மீட்டர் கணக்கில் ஏறியிருக்கின்றன, சில இடங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதிலும் ஒரு வரம்பு உண்டு. ரகம் ஒன்றிரண்டு டிகிரி தள்ளிப்போடும். அதற்கு மேல் மூர்த்தி சொன்ன கால்பாரிக் கதைதான்.

பழைய தவறு ஒன்றும் ஞாபகம் வருகிறது. 1960களில் ட்ரையபன்னா அருகே ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளை எடுக்க ராட்சதக் கெல்பைப் படகில் அறுத்து ஆலைக்குக் கொண்டுபோனார்கள். ஐஸ்கிரீம், பல்செட் அச்சு எல்லாவற்றிலும் போகிற சரக்கு. சுமார் பத்து வருடத்தில் ஆலை மூடப்பட்டது. அப்போது தீராத சரக்கு என்று நினைத்திருப்பார்கள்.

மரிக்கொழுந்து

எங்கள் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவார்கள். அவர்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, அடியைப் பிடுங்காமல் கிள்ள வேண்டும் என்று அத்தை சொல்லித் தந்தது இப்போதும் கையில் இருக்கிறது.

குமார்_ஹோபார்ட்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே வாசித்துக்கொண்டிருக்கிறேன், மனைவி திட்டுகிறாள்.

எனக்குப் புரிந்தவரை, பாலோஸ் வெர்டேஸில் தாய்க்காடு பக்கத்தில், முள்ளெலியை மட்டும் குறைத்தால் போதும். சிட்னியில் சாக்கடை நின்றது, தாய் இல்லை, அதனால் நட்டார்கள். என் கரையில் தாயும் இல்லை, முள்ளெலியும் போகவில்லை, சூடும் நிற்கவில்லை. மூன்றும் எதிராக. அப்போது நடவு என்பது கடைசியில் வர வேண்டியதா, முதலில் வர வேண்டியதா?

உப்புக்காற்று

இங்கேதான் நான் மூர்த்தியோடும் ஒத்துப்போகவில்லை, உற்சாகக்காரர்களோடும் ஒத்துப்போகவில்லை.

முள்ளெலி ஒரு காட்டை மொட்டையடிக்க ஓர் எண்ணிக்கை சேர வேண்டும். ஆனால் மொட்டையான பிறகு காடு திரும்ப, அந்த எண்ணிக்கையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு முள்ளெலி இறங்க வேண்டும். பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று மகிழ்ந்தால் ஒன்றும் நடக்காது. இதைச் சோதிக்க எலிஃபன்ட் ராக் உட்பட இரண்டு இடங்களில் மீன்பிடியை நிறுத்தி, பெரிய சிங்கிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். திட்டுத் திட்டாக மொட்டை விழத் தொடங்கிய பாறைகளில் சிங்கி முள்ளெலியைக் கட்டுப்படுத்தியது. முழுக்க மொட்டையான பரப்பில் அதனால் சமாளிக்க முடியவில்லை.

என் கணக்கு இது. முதல் காசு இன்னும் நிற்கிற காட்டைக் காப்பதற்கு, அதாவது சிங்கிக்கும் முள்ளெலி எடுப்பவர்களுக்கும். இரண்டாவது காசு, தென்கோடியில் இன்னும் குளிர்ந்திருக்கும் விரிகுடாக்களில் விதை வங்கி மாதிரி நடுவதற்கு. முழு மொட்டைப் பரப்பில் நாற்று நடுவது கடைசி. அதை முதலில் செய்தால் முள்ளெலிக்குப் பந்தி வைத்தது போலத்தான்.

2040க்குள் 10 லட்சம் ஹெக்டேர் மீட்பது, 30 லட்சம் ஹெக்டேர் காப்பது என்று உலக அளவில் ஓர் இலக்கு பேசப்படுகிறது. இதுவரை நடந்த மீட்புப் பணிகளில் பெரும்பாலானவை ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. காப்பது மூன்று பங்கு, மீட்பது ஒரு பங்கு என்று அவர்களே வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

முரண்பாட்டு_மூர்த்தி

இதில் எனக்குச் சண்டை போட இடமே இல்லையே. சரி, ஒன்று மட்டும். சூடு ஏறுவது நிற்காவிட்டால் இந்த வரிசை எல்லாம் எத்தனை வருடத்துக்கு?

உப்புக்காற்று

அதற்கு என்னிடம் பதில் இல்லை மூர்த்தி.

குமார்_ஹோபார்ட்

ஐந்து மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

போனேன். கடலுக்குள் இல்லை, கொட்டகைக்குள். குளிரூட்டிய அறை, உள்ளே சிவப்பு விளக்கு. சிவப்பு ஒளியில் கெல்பின் நுண்ணிய நிலை வளருமே தவிர இணைசேராதாம். வேண்டும்போது வெள்ளை ஒளிக்கு மாற்றுகிறார்கள். குடுவையில் இருப்பதைப் பார்த்தால் டீ வடிகட்டியில் மிஞ்சிய தூள்தான். இதிலிருந்து 30 மீட்டர் மரம் வரும் என்றால் மச்சான் நம்ப மாட்டார். என் வேலை, பிளாஸ்டிக் குழாயில் நூல் சுற்றுவது. இடைவெளி விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிய கைக்கு அது வந்துவிட்டது. அந்த நூலில் தூளைத் தெளித்து வைத்தால், சில வாரங்களில் துரு பிடித்த மாதிரி ஒரு பழுப்பு.

நட்டது ஃபோர்டெஸ்க்யூவில் இல்லை, இன்னும் தெற்கே. குழுத்தலைவியிடம் ஏன் என்று கேட்டேன். "அங்கே நட்டால் முள்ளெலிக்கு டிஃபன்" என்றார். உப்புக்காற்றின் பந்தி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

போன சனிக்கிழமை பார்க்க இறங்கினோம். நான் சுற்றிய நூல் எது என்று அடையாளம் தெரியவில்லை. பன்னிரண்டு கயிறுகளில் ஏழில் ஒன்றுமில்லை, வெறும் நூல். ஐந்தில் இருக்கிறது. அதில் ஒன்று என் உயரத்தைத் தாண்டிவிட்டது, காற்றுப்பை வந்திருக்கிறது. பக்கத்து இடுக்கில் இரண்டு முள்ளெலி. ஒன்றை எடுத்துப் பையில் போட்டேன். இன்னொன்று கைக்கு எட்டாத ஆழத்தில் உட்கார்ந்திருந்தது.

மச்சானுக்குப் படம் அனுப்பினேன். "இது என்ன மாப்பிள்ளை, புடலங்காய்ப் பந்தலா?" என்று கேட்டிருக்கிறார்.

முள்ளெலி_மணி

அடுத்த முறை நீளக் கொக்கி கொண்டுபோங்கள் அண்ணே. ஒரு மீட்டர்க் கம்பி, நுனியை வளைத்தால் போதும். உள்ளே இருப்பதுதான் ராத்திரி வெளியே வந்து மேயும்.